பசிப் பாடம்

ஜூன் 9, திங்கள்

தூர தேசத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப என் நாலாம் வகுப்பு கொண்டுவந்த பரிசுப் பெட்டிகளை இன்று திறந்து பார்த்தேன். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு பெட்டிகள். மேலே பளபளவென்று வண்ணத்தாள், உள்ளே குப்பை. கை இல்லாத பொம்மை. யாரோ மென்று துப்பிய பென்சில். ஒற்றைக் காலுறை. ஒரு பெட்டியில் பாதி காலியான இருமல் மருந்து - அந்தப் பிள்ளைக்கு இருமல் என்று இவர்களுக்கு யார் தகவல் சொன்னது? வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரேடியோ பக்கத்திலேயே நின்றான். ஒன்பது வயதில் அவன் பேசுகிற பேச்சுக்கு அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. “மிஸ், அவங்களுக்கு ஒடைஞ்சதே போதுமா?” என்றான். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரே ஒரு பெட்டி சரியாக இருந்தது. கிடங்குக் காவலாளி ஒருவரின் மகளுடையது. புதுத் துண்டு ஒன்று, சோப்பு இரண்டு, சீவிய பென்சில் ஆறு. நான் எழுதிப் போட்ட பட்டியலில் எப்படி இருந்ததோ அப்படியே. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பெண் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவளைக் கோட்டான் என்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் அதே பெயர்தான். நான் மட்டும் என்ன, நானும்தான்.

ஜூன் 10, செவ்வாய்

சுவரில் படங்கள் ஒட்டினேன். படகிலேயே நடக்கும் பள்ளிக்கூடம், தண்ணீர்க் குடத்தோடு மலை ஏறும் பையன், கூடாரத்தில் பாடம் படிக்கும் இரட்டைப் பெண்கள். “ஐயோ பாவம்” என்று முப்பது வாய்களும் ஒரே ராகத்தில் பாடின. அடுத்த நிமிஷமே ஒருவன் அந்தக் குடத்துப் பையனுக்கு மீசை வரைந்துவிட்டான்.

“அங்க சாப்பாடு இல்லன்னா வேற நாட்டுக்குப் போயிட வேண்டியதுதானே மிஸ்” - இது டாக்டர் மகள். எல்லை என்று ஒன்று இருக்கிறது, அங்கே காவல் இருக்கும், விடமாட்டார்கள் என்றேன். “ஏன் விடமாட்டாங்க?” என்றாள்.

வாயால் சொன்னால் இவர்களுக்கு ஏறாது. உடம்பில் ஏற வேண்டும்.

ஜூன் 11, புதன்

ஆசிரியர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பிள்ளைகள் சீட்டு எடுக்க வேண்டும். நாலு பேர் வசதியான நாட்டில் பிறந்தவர்கள்: அவர்களுக்கு மேசை, நாற்காலி, கேக், பழச்சாறு. எட்டுப் பேருக்கு பெஞ்சும் ஆளுக்கொரு காய்ந்த ரொட்டித் துண்டும். மீதிப் பதினெட்டுப் பேர் தரையில், வெறும் தண்ணீர். நடுவே சாக்பீஸ் கோடு, கோட்டில் ஒரு காவல். கொஞ்ச நேரத்தில் மேசைக்காரர்கள் மனம் இளகித் தாங்களாகவே பகிர்ந்துகொள்வார்கள், அப்போது கொடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்று போட்டிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எதைச் சொன்னாலும் எந்தப் பல்சக்கரம் உடையும் என்றுதான் யோசிப்பார். “நாலு கேக்கை வெச்சு முப்பது பேரைக் கெடுக்கப் போறே” என்றார்.

“நீங்க உங்க மிஷினைப் பாருங்க, பிள்ளைங்களை எனக்குத் தெரியும்” என்றேன்.

பிள்ளைகளை எனக்குத் தெரியும். இருபது வருஷம்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இங்கே மட்டுமாவது.

கையேட்டில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன். காலையில் வந்ததும் எல்லோருடைய தின்பண்ட டப்பாவையும் வாங்கி அலமாரியில் பூட்டினேன். கொஞ்சம் பசிக்கட்டும், அப்போதுதான் புரியும். நடுவில் உடற்பயிற்சி வகுப்பு. வெயிலில் ஓடிவிட்டு வந்தவர்களைப் பன்னிரண்டரைக்கு உட்கார வைத்துச் சீட்டு எடுக்கச் சொன்னேன்.

காவலுக்குச் சீட்டு இல்லை. அதற்கு ஆளை நானே தேர்ந்தெடுத்தேன். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பிள்ளை யார் என்று யோசித்தேன், கோட்டானைக் கூப்பிட்டேன். “உங்க அப்பா பாக்கிற வேலைதான், உனக்கு நான் சொல்லித் தரணுமா” என்று சிரித்துக்கொண்டே கரும்பலகைக்கு வைத்திருக்கும் ஒரு மீட்டர் மர ஸ்கேலை அவள் கையில் கொடுத்தேன். ஓரத்தில் தகரப்பட்டை அடித்த ஸ்கேல். “யாரையும் விடாதே” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கோட்டுக்கு வந்து நின்றாள்.

நான் கைபேசியில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்ட.

மேசைக்காரர்கள் இளகவில்லை. முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு தின்றார்கள், பிறகு காட்டிக் காட்டித் தின்றார்கள். தரையிலிருந்து ஒருவன் “எனக்கும்” என்று கை நீட்டியதும் டாக்டர் மகள் மீதி இருந்த கேக் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நக்கி வைத்தாள். ஒன்றுவிடாமல். பெஞ்சுக்காரர்கள் ரொட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு தரைக்காரர்களை எட்டி உதைத்தார்கள். தரையிலிருந்து ஒரு ஷூ பறந்து போய் பழச்சாற்று ஜாடியை உடைத்தது. ஒருத்தி இன்னொருத்தியின் கையைக் கடித்துத் தொங்கினாள். கடித்த பல்லின் தடம் சிவப்பாகத் தெரிந்தது. அந்த நிமிஷம் நான் நிறுத்தியிருக்கலாம். வீடியோ நன்றாக வந்துகொண்டிருந்தது.

ரேடியோ எழுந்தான். “வாங்கடா, அவ ஒருத்திதானே” என்று கோட்டைத் தாண்டிக் காலை வைத்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். அடிக்கலாமா என்று கேட்கிற பார்வை. வேறு எதுவும் இல்லை அதில்.

நான் சொன்னேன்: “விடாதே. யாரையும் விடாதே.”

முதல் அடி தோளில். அவன் சிரித்தான். இரண்டாவது முழங்கையில். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுற்றி இழுத்தான். மூன்றாவது அடி தகரப்பட்டைப் பக்கமாக அவன் முகத்தில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. அவன் அப்படியே உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் வந்து முழங்கை வரை ஒழுகியது. அழவில்லை. அவன் அழாததுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்த வீட்டில் யாரிடமும் சொல்லப் போவதில்லை. மற்ற பிள்ளைகள் நிற்கவில்லை. காவல் அசந்தது என்று அவனைத் தாண்டி ஓடினார்கள். ஒருவன் அவன் கைமேல் மிதித்துக்கொண்டு போனான். போய், நக்கி வைத்த கேக்கை இரண்டு கையாலும் வாயில் திணித்தார்கள். அவளோ கோட்டைத் தாண்டியவர்களையெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தாள் - காது, முதுகு, முட்டி. ஒருத்திக்கு முன்பல் போயிற்று. நான் போய் ஸ்கேலைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை.

நிறுத்தச் சொல்லி யார் சொன்னார்கள்?

ஜூன் 13, வெள்ளி

கண்ணில் தையல் போட்டிருக்கிறார்கள். பார்வை வருமா என்று இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “டீச்சர், ஸ்கேலை நீங்களா கொடுத்தீங்க?”

“மேசைமேல இருந்தது. அவளா எடுத்துக்கிட்டா.”

“வீடியோ எடுத்தீங்களாமே, பிள்ளைங்க சொல்லுது.”

“பட்டனை அழுத்த மறந்துட்டேன் மேடம்.”

இரண்டு பொய். இரண்டும் எங்கேயும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தன. அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப அந்தப் பொண்ணுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிடலாம். கேஸ் கீஸ்னு போகாம முடிஞ்சுடும். அடுத்த வெள்ளி பெற்றோர் கமிட்டியில வெச்சுப் பேசிடுவோம்” என்றார்.

தலையாட்டினேன்.

ஜூன் 14, சனி

தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

ரேடியோவின் அப்பா வந்தார். லாரி ஓட்டுகிறவர், மூன்று நாளாக வழியில் இருந்திருக்கிறார், வண்டியை வாசலிலேயே குறுக்கே போட்டுவிட்டு இறங்கினார். தடுத்த பள்ளி வாட்ச்மேனைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் அடித்தார். அறிவிப்புப் பலகையின் கண்ணாடியை முஷ்டியாலேயே உடைத்தார். அந்த ரத்தக் கையோடு வகுப்பு வகுப்பாகக் கதவை உதைத்துத் திறந்து, “எவ அவ? எம் புள்ள கண்ணைக் குருடாக்கினவ எவ?” என்று தேடினார். பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில். முதல் வகுப்பில் ஒரு குழந்தை நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது.

நான் எங்கே இருந்தேன்? ஆசிரியர் கழிப்பறையில், உள்தாழ் போட்டுக்கொண்டு. “எவ அவ” என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை. வந்திருந்தால்?

போலீஸ் வந்து கூட்டிப்போனது. சாயங்காலம் விட்டுவிட்டார்களாம்.

ஜூன் 17, செவ்வாய்

கமிட்டிக் கடிதத்தை அவள் வீட்டில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பா சீருடையில் இருந்தார், வேலைக்குக் கிளம்பும் நேரம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவ்வளவு மரியாதை.

“மிஸ், நீங்க கவலையே படாதீங்க. நான் நல்லா கவனிச்சுட்டேன். இனி ஜென்மத்துக்கும் எவன் மேலயும் கை ஓங்க மாட்டா” என்றார். “திரும்பு” என்றார் அவளிடம். திரும்பினாள். சட்டையைத் தூக்கிக் காட்டினார், வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி.

பெல்ட் தடங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும். பக்கிள் பட்ட இடங்கள் தனியாகத் தெரிந்தன, சதுரம் சதுரமாக. நான்கு நாளைய புண் மேல் நேற்றைய புண். வலது கையில் இரண்டு விரல் வீங்கி நீலமாக இருந்தன. ஸ்கேல் பிடித்த கை.

அவள் அம்மா மூலையில் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள்.

அப்பா தண்ணீர் பிடிக்க வெளியே போன நேரத்தில் அவளிடம் குனிந்து கேட்டேன். “நான் சொல்லித்தான் அடிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லலியா?”

“சொல்லலை.”

“ஏன்டா கண்ணு?”

“நீங்க சொல்லச் சொல்லலையே மிஸ்.”

அவள் இந்தப் பள்ளிக்கு வந்த மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கடிதத்தைக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டேன். என் கால்கள் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன, அதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

வீடியோவை இன்றுதான் போட்டுப் பார்த்தேன். ஏழு நிமிஷம் நாற்பது நொடி. அடியை விட என் குரல்தான் சகிக்கவில்லை. கொஞ்சுகிற குரல். “விடாதே, யாரையும் விடாதே.” பின்னால் என் சிரிப்பு கூட இருக்கிறது. சிரித்தது எனக்கு நினைவே இல்லை.

அழிக்க விரலை வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். பிறகு கைபேசியைச் சுவரில் விட்டெறிந்தேன். சமையலறையில் கையில் கிடைத்த தட்டு, டம்ளர், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் எறிந்தேன். என் கன்னத்தில் நானே அடித்துக்கொண்டேன், உதடு கிழிகிற வரைக்கும்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. எல்லாம் ஓய்ந்ததும் துடைப்பத்தை எடுத்து வந்தார். கைபேசி மூலையில் கிடந்தது. திரையில் விரிசல், மற்றபடி உயிரோடுதான் இருந்தது. எடுத்து என் மடியில் வைத்தார். அவரிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை; வீடியோவில் ஓடிய என் குரலே சொல்லியிருக்க வேண்டும்.

“ஒழிக்கிறதா இருந்தா ஒழுங்கா ஒழி. இல்லைன்னா கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு. ரெண்டுக்கும் நடுவுல நின்னு வீட்டுல இருக்கிற சாமானையெல்லாம் உடைக்காதே” என்றார்.

“வேலை போயிடும்.”

“போகும்.”

அவ்வளவுதான் பேசினோம்.

ஜூன் 19, வியாழன்

அவள் போகட்டுமே, வேறு பள்ளியா கிடைக்காது? - இப்படியும் ஒரு முழு நாள் யோசித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

பிறகு அந்த அப்பாவை நினைத்தேன். டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு போய் அவர் என்ன செய்வார்? சட்டையைத் தூக்கிக் காட்டுகிற அளவுக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது அந்த முதுகில்?

ஜூன் 20, வெள்ளி

கமிட்டி. நீள மேசை, பதினோரு பேர். ரேடியோவின் அம்மா, அப்பா ஒரு பக்கம். காவலாளி தன் மகளோடு கதவருகே. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரேடியோவின் அம்மா தையல் வேலை செய்கிறவள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தொப்பியைக் கழற்ற மறந்து வந்திருந்தாள்.

தலைமை ஆசிரியை தீர்மானத்தை வாசிக்க ஆரம்பித்தார். “கை நீட்டும் சுபாவமுள்ள மாணவி…” என்று. அதற்கு மேல் கேட்க முடியவில்லை. எழுந்து, விரிசல் விழுந்த கைபேசியை மேசை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஸ்கேலை நான் கொடுக்கிறேன். “உங்க அப்பா பாக்கிற வேலைதான்.” கேக்கை நக்குவது. கடி. ஷூ. அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பது. என் குரல். என் சிரிப்பு. அடி. தாண்டி ஓடும் கால்கள்.

முடிந்ததும் நான் சொன்னேன், “பொய் சொன்னேன். அடிக்கச் சொன்னது நான். பட்டினி போட்டதும் நான்.”

லாரிக்காரர்தான் பாய்வார் என்று எல்லோரும் அவரைப் பிடிக்க எழுந்தார்கள். பாய்ந்தது அந்த அம்மா. மேசையைச் சுற்றி வந்து என் கன்னத்தில் அறைந்தாள். என் மூக்குக் கண்ணாடி எகிறிப் போய் விழுந்தது. மறு கன்னத்தில். பிறகு தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினாள். நெற்றி கிழிந்தது. “படிக்கத்தானேடி அனுப்பினேன்” என்றாள். கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். “படிக்கத்தானே அனுப்பினேன்.” நான் கையைத் தூக்கவில்லை. அவளை இழுக்க வந்தவர்களை வேண்டாம் என்றேன்.

அந்தக் களேபரத்தில் கதவருகே இருந்து காவலாளியின் குரல் கேட்டது. யாரைப் பார்த்தும் கேட்கவில்லை அவர்.

“அப்ப நான் அடிச்சது?”

மகள் அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் தபாலில் வந்தது. போலீஸ் விசாரணை தனியாக நடக்கும். அந்தப் பெண்ணின் முதுகைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குழந்தைகள் நல அலுவலகத்து அம்மாள் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். இனி மாதம் இரண்டு முறை வருவாராம்.

நெற்றியில் ஐந்து தையல். வீட்டுக்காரர் கண்ணாடிக்கு வேறு காது வைத்துக் கொடுத்தார், லிஃப்ட் கம்பியால். கோணலாக நிற்கிறது.

ஜூன் 26, வியாழன்

அவளுக்கு டி.சி. இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ரேடியோவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பள்ளி தன் மானத்துக்கு எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே.

ஜூன் 28, சனி

ரேடியோவின் கண் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இதற்கு மேல் தேறாது என்கிறார் டாக்டர்.

ஜூலை 2, புதன்

அந்தப் பெண்ணின் அம்மா நேற்று வந்தாள். “அப்பா கூட்டிட்டுப் போறேன்னாரு. அவரோட போக மாட்டேங்கிறா. என்னோடயும் வரலை. உங்களோடன்னா வர்றாளாம்” என்றாள். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

இன்று பள்ளி விட்டதும் அவளை ரேடியோ வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி. வீங்கிய விரல்களில் இன்னும் கட்டு. கதவு எண்ணைப் பார்த்ததும் நின்றோம். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிற்று: “போம்மா. உள்ள போய் மன்னிப்புக் கேளு.”

அவள் நகரவில்லை.

“போ” என்றேன் மறுபடி.

“மாட்டேன்.”

காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் துடித்தது, கண்ணில் நீர் முட்டியது, ஆனால் பார்வையை இறக்கவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது தோளைப் பார்த்தால் தெரிந்தது. அப்படியும் நின்றாள்.

“நீங்க சொல்லித்தானே செஞ்சேன். முதல்ல நீங்க கேளுங்க. நான் கேக்கணுமா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்.”

அவளைப் படிக்கட்டில் விட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன். அவன் அம்மா திறந்தாள். என் நெற்றித் தையலைப் பார்த்தாள், வழியை விட்டு விலகினாள். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தரையில் உட்கார்ந்தேன். வரும்போது மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. “தப்பு என்னோடதுடா. உன்னைப் பசியோட வெச்சேன். அடிக்கச் சொன்னேன். நீ அடி வாங்கறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். என்னை மன்னிச்சுடு” என்றேன். நாள் முழுக்க வாய் மூடாத பிள்ளை. போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டான். சரி. அவன் இஷ்டம்.

எழலாம் என்று கையை ஊன்றியபோது பின்னால் கதவு அசைந்தது. அவள் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை.